நின்றுபோன உதவி மீண்டும் கிடைக்குமா?
இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொழிலாளரின் வேலையிழப்புக் கால உரிமை



ஆண்டுதோறும் நடைபெறும் இந்தச் சொற்பொழிவுக்கு நான் ஒரு சட்ட விதியைப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேலை இழந்த ஒருவருக்குச் சில மாதங்கள் உதவித்தொகை கிடைக்கிறது. அந்தக் காலம் முடிகிறது. அவர் மறுபடி வேலைக்குப் போகிறார், சந்தா கட்டுகிறார். சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் வேலை போகிறது. இப்போது அவருக்கு அந்த உதவி மீண்டும் கிடைக்குமா? இந்த ஒரு கேள்விதான் இன்றைய பேச்சு. இதற்கு நம் நாட்டு விதிகள் சொல்லும் விடையை முதலில் விளக்குகிறேன். அந்த விடை ஏன் மாற வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர்களில் வேலை நிற்கும் விதம்

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் பிழைப்பு வேறு வேறு. இராஜபாளையம் நூலால் வளர்ந்த ஊர். 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இங்கே நூற்பாலையைத் தொடங்கிய பிறகு, மில் சங்கு ஊரின் கடிகாரமாயிற்று. பக்கத்தில் சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் ஓடும் விசைத்தறிகள் நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்கு பேண்டேஜ் துணியை நெய்து அனுப்புகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் கைத்தறியும் பால்கோவாவும் கோயிலைச் சார்ந்த சிறு வணிகமும் சோறு போடுகின்றன. வத்திராயிருப்புப் பக்கம் சுந்தரபாண்டியத்திலும் தறிதான் பிழைப்பு.

இந்தத் தொழில்கள் அனைத்துக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இவை ஒரேயடியாக மூடுவது குறைவு. நின்று நின்று ஓடுவதே வழக்கம். பஞ்சு விலை ஏறினால் மில்லில் ஒரு ஷிப்டைக் குறைப்பார்கள். முதலில் முழு இரவு ஷிப்டு நிற்கும், பிறகு அரை இரவு ஷிப்டு. 2008-க்குப் பிந்தைய ஐந்தாறு ஆண்டுகள் மின்வெட்டு இந்த ஊர்களை எப்படி முடக்கியது என்பதை இங்கிருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தது. 2022-இல் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூலை 15 முதல் தமிழ்நாட்டின் சிறு, நடுத்தர நூற்பாலைகள் பல உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தன. பேண்டேஜ் தறிகளில் கூலி உயர்வு ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் தறிகள் நின்று, பேச்சுவார்த்தைக்குப் பின் ஓடுகின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கைத்தறி நெசவாளரின் பாவு காயாது. மழை விடும் வரை வருமானமும் இல்லை.

முப்பது ஆண்டு உழைக்கும் ஒரு மில் தொழிலாளி தன் வாழ்நாளில் ஒருமுறைதான் வேலை இழப்பார் என்று இந்த ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் நம் சட்டம் அப்படித்தான் நம்புகிறது.

ஈ.எஸ்.ஐ. தரும் இரண்டு உதவிகள்

இந்தியாவில் தனியார் துறைத் தொழிலாளிக்கு வேலையிழப்புக் கால உதவி என்று ஒன்று உண்டென்பதே பலருக்குத் தெரியாது. அது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் வழியாக, அதாவது நாம் சொல்லும் ஈ.எஸ்.ஐ. வழியாக வருகிறது. பி.பி. அதர்கர் 1944-இல் அளித்த அறிக்கையிலிருந்து பிறந்தது 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம். நோய், பிரசவம், வேலையில் ஏற்படும் காயம் ஆகியவற்றுக்கு அச்சட்டம் பாதுகாப்புத் தந்தது. வேலையிழப்பை அது தொடவில்லை. அதற்கு 57 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

2005 ஏப்ரல் 1-இல் இராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டம் வந்தது. தொழிற்சாலை மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பு நடந்தாலோ, வேலைக்குத் தொடர்பில்லாத காயத்தால் 40 விழுக்காட்டுக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ உதவி உண்டு. முதலில் ஆறு மாதங்களாக இருந்த காலவரம்பு 2009-இல் ஓராண்டாகவும், 2016-இல் இரண்டு ஆண்டுகளாகவும் நீண்டது. முதல் 12 மாதங்களுக்கு ஊதியத்தில் பாதி. அடுத்த 12 மாதங்களுக்குக் கால் பங்கு. உதவி பெறும் காலத்தில் குடும்பத்துக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவமும் தொடரும்.

இத்திட்டத்தில் நம் கேள்விக்கு நேரடியாக விடை தரும் ஒரு விதி இருக்கிறது. அந்த மாதங்களை ஒரே தவணையில் எடுக்கலாம். அல்லது ஒரு மாதத்துக்குக் குறையாத பல தவணைகளாகவும் எடுக்கலாம். ஒருவர் எட்டு மாதம் உதவி பெற்று, வேறு மில்லில் சேர்ந்து, அந்த மில்லும் மூடப்பட்டால், மீதமிருக்கும் மாதங்களை அவர் கேட்க முடியும். கதவு பாதியாவது திறந்திருக்கிறது. ஆனால் மொத்தக் கணக்கு பணிக்காலம் முழுமைக்கும் ஒன்றுதான். அந்த 24 மாதங்கள் தீர்ந்தால் அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகள் சந்தா கட்டினாலும் புதிய கணக்குத் தொடங்காது.

இரண்டாவது, 2018 ஜூலை 1 முதல் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம். மூடல், ஆட்குறைப்பு என்ற குறுகிய வாசலுக்கு வெளியே நிற்பவர்களுக்காக இது வந்தது. சராசரி நாள் ஊதியத்தில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 90 நாள். வேலை போய் மூன்று மாதம் கழித்துத்தான் கேட்க முடியும். கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், கழகம் இதைத் தளர்த்தியது: தொகை 50 விழுக்காடாயிற்று, காத்திருப்பு 30 நாளாகக் குறைந்தது, முதலாளியின் கையெழுத்துக்கு அலையாமல் தொழிலாளியே கிளை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம் என்றாயிற்று. 2020 மார்ச் 24 முதல் அமலான இந்தத் தளர்வு பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டது. நல்ல மாற்றங்கள்தான், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் எல்லாத் தளர்வுகளுக்கும் நடுவே ஒரு வரி மட்டும் தளரவில்லை. இந்த உதவி வாழ்நாளில் ஒருமுறைதான்.

ஒரு கணக்கு

விதியின் பொருள் கணக்கில்தான் தெரியும். மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஒரு பெண் தொழிலாளியை நினைத்துக்கொள்வோம். நூற்பு இயந்திரத்தில் சைடு பார்க்கிறார், அல்லது நூலைக் கோனில் சுற்றும் வைண்டிங்கில் இருக்கிறார். கணக்கு எளிமைக்காக நாள் ஊதியம் 400 ரூபாய். தளர்த்தப்பட்ட விதிப்படி அவருக்கு நாளுக்கு 200 வீதம் 90 நாளுக்கு 18,000 ரூபாய் கிடைக்கும். 2018-இன் பழைய விதியானால் 9,000.

அவர் 26 வயதில் இந்த உதவியைப் பெற்றுவிட்டார் என்று வைப்போம். பிறகு வேறொரு மில்லில் சேர்கிறார். 2019 ஜூலை முதல் ஈ.எஸ்.ஐ. சந்தா தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடு, முதலாளி பங்கு 3.25 விழுக்காடு, சேர்த்தால் நான்கு. 12,000 ரூபாய்க்கு மாதம் 480. ஊதியம் ஏறாமலே இருந்தாலும் பத்தாண்டில் 57,600 ரூபாய் அவர் பெயரில் கழகத்துக்குப் போகிறது. இந்தப் பணம் மருத்துவம், பிரசவம், காயம் என எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 36 வயதில், இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கும்போது, மறுபடி வேலை போனால் அவருக்கு 90 நாள் உதவியில் ஒரு நாள்கூடக் கிடைக்காது. பத்தாண்டுச் சந்தா அந்த ஓர் உரிமையை மட்டும் புதுப்பிக்கவில்லை.

இதே சட்டம் நோயை எப்படிப் பார்க்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஒரு சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், அதற்குரிய பயன் காலத்தில் நோய்க்கால உதவி உண்டு. ஆண்டுக்கு 91 நாள் வரை, ஊதியத்தில் 70 விழுக்காடு. அடுத்த ஆண்டு மறுபடி நோய் வந்தால் மறுபடி 91 நாள். முதல் இரண்டு நாள் காத்திருப்பு உண்டு. ஆனால் குணமான 15 நாளுக்குள் மறுபடி படுத்துவிட்டால் அந்தக் காத்திருப்பும் இல்லை, இரண்டையும் ஒரே நோயாகவே பார்க்கிறது சட்டம். எவ்வளவு பரிவான, எவ்வளவு நுட்பமான விதி! மனிதனுக்கு நோய் பலமுறை வரும் என்பதை 1948-இலேயே ஏற்றுக்கொண்ட சட்டம், வேலையிழப்பும் பலமுறை வரும் என்பதை ஏன் ஏற்க மறுக்க வேண்டும்? அதே கழகம், அதே சந்தா, அதே தொழிலாளி. நோய்க்கு உரிமை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகப் பிறக்கிறது. வேலையிழப்புக்கு ஒருமுறை பிறந்து அத்தோடு முடிகிறது.

ஒவ்வொரு பருவத்திலும் மழை பெய்து கண்மாய் நிரம்பிக்கொண்டிருக்கிறது. மடையை மட்டும் வாழ்நாளில் ஒருமுறைதான் திறப்போம் என்று எந்த ஊர் மடையனும் சொல்லமாட்டான்.

லே-ஆஃப், பதிலி, கணக்கு முடித்தல்

ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இன்னொரு பாதுகாப்பு உண்டு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்து, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் தொடர்வது அது. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையில், ஓராண்டு தொடர் பணி முடித்த தொழிலாளிக்கு நிர்வாகம் லே-ஆஃப் கொடுத்தால், அதாவது வேலை தராமல் தற்காலிகமாக நிறுத்திவைத்தால், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதியை இழப்பீடாகத் தர வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் 45 நாள் என்பது பொதுவான வரம்பு. இங்கே கவனியுங்கள்: பன்னிரண்டு மாதத்துக்குள். அடுத்த ஆண்டு மறுபடி லே-ஆஃப் வந்தால் மறுபடி உரிமை உண்டு. மில் நின்று நின்று ஓடும் என்பது அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் இந்த உரிமை யாருக்கு? வராதவருக்குப் பதிலாக வேலை பார்க்கும் பதிலித் தொழிலாளிக்கும் தற்காலிகத் தொழிலாளிக்கும் இல்லை. பதிலி ஓராண்டுத் தொடர் பணியை முடித்தால் அந்த விலக்கு நீங்கும். அதற்கு 240 நாள் வேலை செய்த கணக்கு வேண்டும். அந்த எண்ணிக்கை நிறைவதற்கு முன்பே நிறுத்திவிட்டு, சில வாரம் கழித்துப் புதிய ஆளாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் எத்தனையோ இடங்களில் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் மூலம் வருபவர்கள், விடுதியில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்கள் எனப் பலரும் இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. நம் ஊரில் வேலை போவதை யாரும் ஆட்குறைப்பு என்று சொல்வதில்லை. "கணக்கு முடிச்சிட்டாங்க" என்றுதான் சொல்வார்கள். கணக்கு முடிக்கும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அந்தத் தாள் பெரும்பாலும் ராஜினாமாக் கடிதம். கிராஜுவிட்டியோ பாக்கிச் சம்பளமோ கைக்கு வர வேண்டுமே என்ற அவசரத்தில் தொழிலாளி கையெழுத்துப் போடுகிறார். அந்த நிமிடத்தில் ஈ.எஸ்.ஐ. உதவி கைவிட்டுப் போகிறது. தானாக வேலையை விட்டவருக்கும், விருப்ப ஓய்வு பெற்றவருக்கும், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும், சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் இருப்பவருக்கும் இரண்டு திட்டங்களிலும் இடமில்லை. வேலை தானாகப் போகவில்லை, போக்கப்பட்டது என்பதற்குச் சான்று அந்தத் தாளில் இருந்தால்தான் உண்டு.

ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு இன்னும் இரண்டு உரிமைகள் உள்ளன. நிர்வாகம் ஓராண்டுக்குள் புதிதாக ஆள் எடுத்தால் பழைய தொழிலாளிக்கு முன்னுரிமை தர வேண்டும். புதிய தொகுப்பின்படி, மறுதிறன் பயிற்சிக்கான நிதியிலிருந்து 15 நாள் ஊதியத்துக்கு ஈடான தொகை 45 நாளுக்குள் அவர் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். இந்த இரண்டும் ராஜினாமா எழுதிக் கொடுத்தவருக்கு இல்லை.

பதிவு செய்து காத்திருக்கும் இளைஞர்

மில் வாசலுக்கே வராதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2006 முதல் நடைமுறையில் உள்ள வேலைவாய்ப்பற்ற இளைஞர் உதவித்தொகைத் திட்டத்தில், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தவர் விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்புத் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, மேல்நிலைக்கு 400, பட்டதாரிக்கு 600. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. வயது வரம்பு 40. பட்டியலினத்தாருக்கும் பழங்குடியினருக்கும் 45. மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் கூடுதல், காலமும் பத்தாண்டு. மற்றவர்களுக்கு மூன்றே ஆண்டு. ஆண்டுதோறும் உறுதிமொழி ஆவணம் கொடுத்துத் தொடர வேண்டும். மூன்றாண்டு பெற்றவர் மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

இத்திட்டத்தின் தொகை சிறியது. அது பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. ஆனால் அதே அலுவலகத்தின் இன்னொரு நடைமுறையைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். வேலைவாய்ப்புப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறவிட்டவர்களின் மூப்பு போய்விடக் கூடாது என்று அரசு அவ்வப்போது சிறப்புப் புதுப்பித்தல் சலுகை அறிவிக்கிறது. பதிவுக்குப் புதுப்பித்தல் உண்டு; உதவிக்கு இல்லை. காத்திருப்பதற்கான உரிமையை மீட்டுத் தரும் அரசு, காத்திருக்கும் காலத்தில் வாழ்வதற்கான உரிமையையும் மீட்டுத் தரலாம்.

பி.எஃப். பணம்

உதவி தீர்ந்துபோனவர்கள் அடுத்துத் தட்டுவது பி.எஃப். கதவை. வேலை போன பிறகு அந்தச் சேமிப்பில் பெரும்பகுதியை எடுக்க முடிகிறது என்பது உண்மை. ஆனால் அது அவர்களுடைய சொந்தப் பணம், முதுமைக்காக வைத்தது. ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரையிலான சேவைக்காலம் அறுந்துவிடும். ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்தாண்டுச் சேவையை அடுத்த வேலையில் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். மூன்று முறை வேலை இழந்து மூன்று முறையும் முழுக் கணக்கையும் எடுத்தவர், 58 வயதில் ஓய்வூதியம் இல்லாமல் நிற்கிறார். வேலையிழப்பு உதவி ஒருமுறையோடு நின்றுபோவதன் விலையை அவருடைய முதுமை கொடுக்கிறது.

ஆண்டுதோறும் வரும் துன்பத்துக்கு ஆண்டுதோறும் உதவி

மீண்டும் மீண்டும் உதவி தருவது நம் அரசுக்குப் பழக்கமில்லாத செயல் என்று யாரும் சொல்ல முடியாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த மாதங்களுக்கு மீனவக் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் நிவாரணம் தருகிறது. பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்து உப்பளத் தொழிலாளிக்கு மழைக்காலத்தில் வேலை இருக்காது என்பதை ஏற்று, 2022 முதல் 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கப்படுகிறது. போன ஆண்டு வாங்கினாயே, இந்த ஆண்டு எதற்கு என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. கடலும் மழையும் திரும்பத் திரும்ப வேலையை நிறுத்துகின்றன. உதவியும் திரும்பத் திரும்ப வருகிறது. பஞ்சு விலையும் நூல் சந்தையும் அப்படித்தானே செய்கின்றன?

உலகம் கண்ட வழி

வேலையிழப்புக் காப்பீட்டைச் சட்டமாக்கிய முன்னோடி நாடு பிரிட்டன். 1911-இல் நிறைவேறிய அந்தச் சட்டம் தொடக்கத்தில் கட்டுமானம், கப்பல் கட்டுதல், பொறியியல் முதலிய ஏழு தொழில்களுக்கு மட்டுமே பொருந்தியது. ஏன் அந்தத் தொழில்கள்? அங்கே வேலை ஏறி இறங்கும், நின்று ஓடும். அந்தத் தொழிலாளிக்கு வாரம் ஏழு ஷில்லிங், பன்னிரண்டு மாதத்தில் 15 வாரம் வரை. ஐந்து வாரச் சந்தாவுக்கு ஒரு வார உதவி என்ற கணக்கில் உரிமை வளர்ந்தது. உதவி தீர்ந்தவர் வேலைக்குப் போய்ச் சந்தா கட்டினால் உரிமை மறுபடி வளரத் தொடங்கும். நூறாண்டுக்கு முந்தைய அந்த முதல் சட்டத்திலேயே நம் கேள்விக்கு விடை இருந்தது.

ஜெர்மனியில் இன்று 30 மாதத்துக்குள் 12 மாதம் சந்தா கட்டியவருக்குப் புதிய உரிமை பிறக்கிறது. பாதியில் வேலை கிடைத்துவிட்டால் மீதி நாள்கள் வீணாவதில்லை. உரிமை பிறந்ததிலிருந்து நான்காண்டுக்குள் திரும்ப வந்து அந்த மீதியைக் கேட்கலாம். இதனால் சிறு வேலை கிடைத்தாலும் தொழிலாளி துணிந்து சேர்கிறார். அந்த வேலை நிலைக்காவிட்டால் பழைய உதவி காத்திருக்கிறது என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1952-இல் ஏற்ற 102-ஆம் உடன்படிக்கை, சமூகப் பாதுகாப்பின் கீழ்வரம்பை வரையறுக்கிறது. ஊதிய வேலையாளருக்கு வேலையிழப்பு உதவி பன்னிரண்டு மாதத்துக்குள் 13 வாரமாவது இருக்க வேண்டும் என்கிறது அது. 13 வாரம் என்றால் 91 நாள். நம் 90 நாளும் கிட்டத்தட்ட அதே அளவுதான். வேறுபாடு ஒன்றே: உலகம் அதை ஆண்டுக்கு வரம்பாக வைத்தது, நாம் ஆயுளுக்கு வரம்பாக வைத்தோம். இந்தியா அந்த உடன்படிக்கையை இன்னும் ஏற்கவில்லை.

ஆட்சேபங்கள்

நேர்மையான ஆட்சேபங்களுக்கு நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். முதலாவது, திரும்பத் திரும்ப உதவி கிடைத்தால் உழைக்கும் எண்ணம் போய்விடும் என்பது. பாதி ஊதியத்தில், அதுவும் ஒரு மாதம் கழித்துக் கைக்கு வரும் தொகையில், மூன்று மாதம் சும்மா இருக்க முடிந்த குடும்பத்தை நான் இந்த வட்டாரத்தில் பார்த்ததில்லை. புதிய உரிமைக்குப் புதிய சந்தா என்று விதி வைத்தால், உழைத்தவருக்கு மட்டுமே அது மறுபடி கிடைக்கும். உழைப்பை அந்த விதி கட்டாயமாக்கும்.

இரண்டாவது, முதலாளியும் தொழிலாளியும் பேசி வைத்துக்கொண்டு பொய்யாக வேலையிழப்புக் காட்டுவார்கள் என்பது. அதைத் தடுக்கச் சந்தாப் பதிவே போதும். மாதந்தோறும் சந்தா கணினியில் ஏறுகிறது, ஆதார் இணைந்திருக்கிறது, ஒருவர் எங்கே சேர்ந்தார், எங்கே விட்டார் என்பது கழகத்துக்குத் தெரியும். அடிக்கடி ஆளை நிறுத்தி எடுக்கும் ஆலையிடம் கூடுதல் சந்தா வாங்கலாம். தொழிலாளியைத் தண்டிக்காமல் தவறைத் தடுக்கும் வழி அது.

மூன்றாவது, நிதி. இந்த இரண்டு உதவிகளுக்கும் தனிச் சந்தா என்று எதுவும் வாங்கப்படுவதில்லை. பொதுச் சந்தாவிலிருந்தே கொடுக்கிறார்கள். உரிமையைப் புதுப்பிக்கக் கூடுதல் பணம் தேவையென்றால், கால் விழுக்காடு கூட்டிக் கேட்கலாம். மாதம் 12,000 வாங்குபவருக்கு அது 30 ரூபாய். வேலை போனால் மறுபடியும் மூன்று மாதச் சோறு உண்டு என்ற உறுதிக்கு அந்தத் தொகையை முதலாளியும் தொழிலாளியும் பகிர்ந்துகொள்ள மறுக்கமாட்டார்கள்.

இன்றே செய்யக்கூடியவை

சட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். இங்கே அமர்ந்திருக்கும் தொழிலாளர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது. உங்கள் பத்து இலக்கக் காப்பீட்டு எண் வாழ்நாள் முழுவதற்கும் ஒன்றே. புதிய மில்லில் சேரும்போது பழைய எண்ணைச் சொல்லுங்கள். புது எண் போட விடாதீர்கள். எண் இரண்டானால் சந்தாவும் இரண்டாகப் பிரியும், தகுதிக் கணக்கு எங்கும் நிறையாது. ஆதாரையும் வங்கிக் கணக்கையும் வேலையில் இருக்கும்போதே இணைத்துவிடுங்கள். வேலையை நிறுத்தினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் வீட்டில் படிக்கும் பிள்ளைக்குக் காட்டுங்கள், சங்கத்தில் காட்டுங்கள், மாவட்ட நீதிமன்றம் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் வழக்கறிஞருக்குப் பஞ்சமில்லை, அவர்களிடம் காட்டுங்கள். மறுபடி வேலை கிடைத்த அன்றே ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். அந்த நேர்மை அடுத்த முறை உங்களுக்குத் துணை நிற்கும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விதிகள் எல்லாம் இணையத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கிடக்கின்றன. இவற்றைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி மில் வாசலிலும், தேநீர்க் கடையிலும், ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள்.

நான் முன்வைக்கும் மாற்றம்

என் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, வாழ்நாளில் ஒருமுறை என்ற வரியை நீக்கி, உதவி பெற்றவர் அதன் பிறகு இரண்டு ஆண்டு சந்தா கட்டினால் 90 நாள் உரிமை புதிதாகப் பிறக்கும் என்று எழுத வேண்டும். இரண்டாவது, ஆறு மாதத்துக்குள் மறுபடி வேலை போனால் அதைப் பழைய வேலையிழப்பின் தொடர்ச்சியாகக் கருதி, காத்திருப்பு இல்லாமல் மீதி நாள்களைத் தர வேண்டும். நோய்க்கு இந்த விதி ஏற்கெனவே இருப்பதால் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. மூன்றாவது, பத்துப் பேருக்குக் குறைவான தறிக்கூடங்களிலும், கைத்தறியிலும், பால்கோவாக் கொட்டகைகளிலும் உழைப்பவர்கள் ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே நிற்கிறார்கள். 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே வந்த நல வாரியங்கள் திருமணத்துக்கும் கல்விக்கும் விபத்துக்கும் முதுமைக்கும் உதவி தருகின்றன. உப்பளத்துக்குத் தந்ததைப் போல, தறி நிற்கும் மாதங்களுக்கு ஆண்டுதோறும் ஓர் உதவியை இவர்களுக்கும் சேர்க்க வேண்டும்.

அரசியலமைப்பின் 41-ஆம் உறுப்பு, பொருளாதார வலிமையின் எல்லைக்குள், வேலையின்மையிலும் முதுமையிலும் நோயிலும் ஊனத்திலும் மக்களுக்கு அரசின் உதவி கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. 1950 ஜனவரி 26-இல் அந்த அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர் இராஜபாளையத்தின் பி.எஸ். குமாரசாமி ராஜா. அந்த உறுப்பு வேலையின்மையை நோய்க்கும் முதுமைக்கும் பக்கத்தில், அவற்றுக்குச் சமமாக வைத்திருக்கிறது. இத்தனை முறைதான் என்று அதில் எண்ணிக்கை எதுவும் இல்லை. எண்ணிக்கையைப் பின்னால் வந்த விதிதான் போட்டது. விதியை மாற்றக் கழகத்தின் ஒரு கூட்டமும் ஓர் அரசாணையும் போதும் என்பதை 2020 ஆகஸ்டு காட்டிவிட்டது. அந்தக் கூட்டத்தில் முதலாளிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் மாநில அரசுகளுக்கும் இடமிருக்கிறது. நம் தொகுதியின் மக்களவை உறுப்பினருக்கும், சங்கங்களின் மாநிலத் தலைமைக்கும், தமிழ்நாடு அரசின் தொழிலாளர் துறைக்கும் இந்த மூன்று கோரிக்கைகளையும் எழுத்தில் அனுப்புவோம். சந்தா கட்டிய ஒவ்வொருவருக்கும் இதைக் கேட்கும் தகுதி இருக்கிறது.